கணினி அறையில் நான் ஏற்றி வைத்த விளக்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கணினி ஆசிரியர்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "பெண் பிள்ளைகளை இந்தப் பாடத்துக்கு எப்படி இழுத்து வருவது என்று சொல்லுங்கள் மேடம், உங்களுக்குத்தான் அதில் நல்ல பெயர்" என்றார்கள். பெயர் என்னவோ உண்மைதான். காஞ்சிபுரத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணினி அறிவியல் எடுத்தேன். பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கினால் போதும், வேப்பமரத்தடியில் தனியாக ஒரு மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அப்பாக்களை மடக்கி, கணினி குரூப்பில் சேர்க்க வைக்காமல் விடமாட்டேன். என்னைத் தூரத்தில் பார்த்ததும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போன அப்பாக்கள் உண்டு.

அதையெல்லாம் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் அதைச் சொல்லப் போவதில்லை. அப்படி இழுத்து வந்த பிள்ளைகளை ஆய்வக வாசலிலேயே நானே நிற்க வைத்த கதை ஒன்று இருக்கிறது. உங்களுக்கு உபயோகப்படப் போவது அதுதான்.

நான் சேர்ந்த புதிதில் கணினி ஆய்வகம் என்று எனக்குக் கொடுத்தது ஒரு பழைய தையல் வகுப்பறை. பத்துக் கணினிகள் வந்து இறங்கின. ஒன்று பழுதானால் சரி செய்ய ஆள் வருவதற்கு மாதக்கணக்காகும். பிள்ளைகள் கை பட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரே பயம். அப்போது எங்கள் பள்ளியில் வேதியியல் எடுத்த மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதம்மா. லேப்ப கோயில் மாதிரி வெச்சிக்கோ, பசங்க தானா ஒழுங்கா நடந்துக்கும்" என்றார்.

அவர் சொன்னது சுத்தத்தையும் ஒழுங்கையும். அவருடைய ஆய்வகத்தில் ஒரு சாமி படம்கூடக் கிடையாது, அமில பாட்டில்கள்தான் வரிசையாக நிற்கும். நான் அவரைவிட ஒரு படி மேலே போனேன். கடைக்குப் போய் சரஸ்வதி படம் ஒன்று வாங்கி வந்து, கணினிகளுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். கீழே ஒரு பலகை, அதில் ஒரு சின்னப் பித்தளை விளக்கு. செருப்பை வராந்தாவில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தினம் காலையில் ஒரு பிள்ளை விளக்கு ஏற்ற வேண்டும், வாரத்துக்கு ஒருத்தி என்று பட்டியல் போட்டுக் கதவில் ஒட்டினேன்.

நன்றாகத்தான் இருந்தது. தூசி இல்லை, சத்தம் இல்லை. பார்வையிட வந்த அதிகாரிகள், இப்படி ஓர் ஆய்வகத்தைப் பார்த்ததில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாதவிலக்கு வரும் நாட்களில் நான் அந்த விளக்குப் பக்கம் போகமாட்டேன். என் பிறந்த வீட்டுப் பழக்கம் அப்படி. பாடம் எடுப்பேன், கரும்பலகையில் எழுதுவேன், ஆனால் விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தால் "நீ ஊத்தும்மா" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது பெண் பிள்ளைகள் இருக்கிற அறையில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்வது.

வருடங்கள் ஓடின. எனக்கு அந்த நாட்கள் நின்றுபோய், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது யோகேஸ்வரி வந்தாள்.

பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா தறியில் உட்காருகிறவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண். அப்பா என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, "சுலபமா இருக்கற குரூப்பா பாத்து போடுங்க டீச்சர். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கஷ்டம்" என்றார். அரை மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டினேன். யோகேஸ்வரி வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸ், கம்ப்யூட்டர்ல தப்பா எழுதிட்டா மெஷின் கெட்டுப்போயிடுமா?"

"கெடாதும்மா. எந்த வரியில தப்புன்னு அதுவே சொல்லும். நீ திருத்திக்கலாம்."

"யாரையும் திட்டாதா?"

"அது எதுக்கு திட்டப் போகுது?"

"அப்போ அதுவே போடுங்க மிஸ்" என்றாள்.

அவளைப் போல ஒரு பிள்ளை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. தானே எழுதுவதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிதானம்தான். ஆனால் அடுத்தவள் எழுதிய நிரலைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே பிசகு என்று விரலை வைத்துவிடுவாள். வகுப்பே அவளிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு போகும்.

ஆனால் மாதத்தில் மூன்று நான்கு நாள் ஆய்வக வகுப்புக்கு மட்டும் வரமாட்டாள். பள்ளிக்கு வந்திருப்பாள், கணக்கு வகுப்பில் இருப்பாள், இயற்பியல் வகுப்பில் இருப்பாள். எங்கள் பீரியட் வந்ததும் காணாமல் போய்விடுவாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து நோட்டில் கையால் நிரல் எழுதிக்கொண்டிருப்பதை ஒருமுறை நானே பார்த்தேன். கேட்டால், "வயித்து வலி மிஸ்" என்பாள்.

வயிற்று வலி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வர வேண்டியதுதானே, நான் அப்படித்தானே இத்தனை வருடம் வேலைக்கு வந்தேன் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார முடிகிறவளுக்கு நாற்காலியில் உட்கார முடியாதா என்று கோபப்பட்டேன். திறமை இருக்கிறது, பொறுப்பு இல்லை என்று முடிவு கட்டினேன். நம் தொழிலில் நாம் வெகு சீக்கிரம் கட்டுகிற முடிவு அதுதான்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனேன். அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். அம்மா ஓரமாக உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கூடவே வேலை செய்கிற இரண்டு பேர் வேறு இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே நான் ஆரம்பித்தேன், மாதத்தில் மூன்று நாள் உங்கள் பெண் ஆய்வகத்துக்கு மட்டம் போடுகிறாள் என்று.

அப்பா சத்தம் போடவில்லை. "புடிக்கலன்னா வுட்டுடட்டும் டீச்சர். நான் அன்னிக்கே சொன்னேன். வேற குரூப்புக்கு மாத்திடுங்க, அதுவும் முடியலன்னா வூட்டோட இருக்கட்டும். மாமன் வூட்ல கேட்டுக்கினுதான் இருக்கறாங்க" என்றார்.

அம்மா நூலை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கே நின்ற ஆண்களைப் பார்த்துவிட்டு, "நான் அவ கிட்ட கேட்டுக்கறேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். மகளுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது. அந்த அம்மாவிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். பேசவில்லை.

மறுநாள் யோகேஸ்வரி ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து நின்றாள். அழுத முகம். "குரூப் மட்டும் மாத்திடாதீங்க மிஸ். எங்கப்பா ஸ்கூலையே நிறுத்திடுவாரு" என்றாள். நான் போட்ட போடு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் மூன்று நாள் வரவில்லை. அக மதிப்பெண்ணில் குறைத்தேன்.

இப்படியே இரண்டு வருடம் போய், பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தது. முப்பது பேர், பத்துப் பத்தாக மூன்று பேட்ச். இரண்டு பேட்ச் முதல் நாளே முடிந்துவிட்டது. கடைசி பேட்ச் மறுநாள் காலை. வெளித் தேர்வாளராக வாலாஜாபாத் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் வந்திருந்தார். அமைதியான மனிதர். விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஒன்பது பேர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். யோகேஸ்வரி மட்டும் வராந்தாவில் செருப்போடு நின்றாள்.

"என்ன நின்னுட்டே? உள்ள போ."

"மிஸ், நான் ரெண்டு நாள் கழிச்சி எழுதறனே."

"பப்ளிக் எக்ஸாம்மா இது. உன்னுது கடைசி பேட்ச். உனக்காக இன்னொரு நாள் யார் வைப்பாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "காலையில டேட் ஆயிடுச்சி மிஸ்."

"ஆனா என்ன? மாத்திரை வேணுமா?"

"வலி இல்ல மிஸ். உள்ள சாமி இருக்குது."

அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. இரண்டு வருடத்து மூன்று மூன்று நாட்கள், தண்ணீர்த் தொட்டி, வாயெடுத்து நிறுத்திய அந்த அம்மா, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. நான் குறைத்த மதிப்பெண்ணும் வந்து நின்றது.

"இத்தனை நாளும் இதனாலதானா?"

தலையாட்டினாள். "நான் மட்டும் இல்ல மிஸ். விளக்கு ஏத்தற லிஸ்ட்ல பேரு வந்தா மாத்திக்குவாங்க. ஓரமா உக்காந்துட்டுப் போறவங்க இருக்கறாங்க. எனக்கு மனசு வராது, அதனால வெளியவே இருந்துடுவேன்."

என்ன நிலைமை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வராதவள் அந்தப் பாடத்தில் தேற முடியாது. தேறாவிட்டால் அந்த வருடம் கல்லூரி இல்லை. அப்பா என்ன சொல்லுவார் என்பதை நான் அவர் வீட்டிலேயே கேட்டுவிட்டு வந்தவள். இதெல்லாம் நான் மாட்டிய ஒரு படத்தினால்.

பதற்றத்தில் மனிதர் செய்கிற முதல் காரியம் எப்போதும் மட்டமானதாகவே இருக்கும். நானும் அதையே செய்தேன். "யாருக்கும் தெரியாது, சும்மா வந்து உக்காரு" என்றேன்.

"எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள்.

அடுத்து அதட்டினேன். "சயின்ஸ் படிக்கிற பொண்ணு பேசுற பேச்சா இது? இந்தக் காலத்துல இதெல்லாம் யார் பாக்கறாங்க?"

அவள் எதிர்த்துப் பேசுகிற பெண்ணே இல்லை. அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க அக்கா உங்க கிட்டதான் படிச்சா மிஸ். அந்த நாள்ல மிஸ்ஸே விளக்குகிட்ட போக மாட்டாங்கன்னு அவதான் சொன்னா."

இருபது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், அக்கா தங்கைக்குச் சொல்லி, பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த பாடம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

தேர்வாளர் வாசலுக்கு வந்தார். "ஒருத்தர் குறையுது மேடம். ஆப்சென்ட் போட்டுடலாமா?"

"இங்கதான் இருக்கா சார். ஒரு பத்து நிமிஷம்."

அவர் அந்தப் பெண்ணின் செருப்பைப் பார்த்தார். உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தார். மூன்று பெண்களுக்கு அப்பா என்று முந்தின நாள் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். எதையும் கேட்கவில்லை. கேள்விச் சீட்டுகள் இருந்த டப்பாவை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார். "ஒண்ணு எடும்மா. பேப்பர்ல எழுதறத இங்க பெஞ்ச்லயே உக்காந்து எழுது. எங்க உக்காந்து எழுதுனா என்ன? ஆனா மேடம், அவுட்புட்ட மெஷின்லதான் காட்டணும். அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். தாளில் எழுதுவதற்கான முப்பத்தைந்து நிமிட நேரத்தை அவர் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். இந்தக் கதையில் நிதானமாக நடந்துகொண்ட பெரியவர் என்று யாராவது உண்டென்றால் அது அவர் ஒருவர்தான்.

யோகேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். நான் அறைக்கும் வராந்தாவுக்கும் நடந்தேன். அவள் எழுதியதை வாங்கி நானே தட்டச்சு செய்து ஓட்டிக் காட்டிவிடலாம், கேட்டுக்கொண்டால் அவர் கண்டுகொள்ளமாட்டார் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்தது என்பதை மறைக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் இந்த அறைக்குள் நீ வரக்கூடாதுதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். நாளைக்குக் கல்லூரி ஆய்வகத்திலும் யாராவது ஒரு படம் மாட்டியிருப்பார்கள்.

கணினியையே வராந்தாவுக்குத் தூக்கி வந்துவிடலாம் என்று ஒயர்களைப் பிடுங்கத் தொடங்கினேன். அவள் ஓடிவந்து வாசலில் நின்றாள். "வேணாம் மிஸ். ஏன் எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. ஸ்கூல் பூரா தெரிஞ்சிடும்." அதுவும் சரிதான். ஒயர்களை மறுபடி சொருகினேன்.

பிறகு செய்ததுதான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. விளக்கைப் பூவால் அமர்த்தினேன். ஊதி அணைக்க எனக்கு மனசு வராது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். உள்ளே ஒன்பது பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். படத்தையும் விளக்கையும் தலைமையாசிரியை அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தேன்.

"எடுத்துட்டேன். இப்போ இது வெறும் ரூம். வாம்மா."

அவள் எழுதி முடித்திருந்தாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர நகரவில்லை.

"இத்தினி நாளா இருந்த எடம்தானே மிஸ்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பத்தாவது படிக்கும்போது இந்த மாதிரி நாள்ல தெரியாத்தனமா தறிகிட்ட போயி பாவ தொட்டுட்டேன். அன்னிக்கே பாவு அறுந்துபோச்சி. எங்க அத்தை இன்னிக்கு வரைக்கும் அத சொல்லிக்கினு இருக்கறாங்க. இப்ப நான் உள்ள வந்து, கரண்ட் போயி, இவங்க ஒம்போது பேரு எழுதுனதும் அழிஞ்சிடுச்சின்னா? எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். அவங்களுக்கும் பப்ளிக் எக்ஸாம்தானே."

தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பட்டு இழைகள்தான் பாவு. அது அறுந்தால் ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதற்குள் நாள்கணக்காகிவிடும். பதினைந்து வயதில் அந்தப் பழி தலையில் விழுந்த பெண் அவள். இப்போது தனக்காகப் பயப்படவில்லை, உள்ளே இருக்கிற ஒன்பது பேருக்காகப் பயப்படுகிறாள். நான் என்ன சொல்லி அவளைக் கூப்பிடுவது? அறிவியல் சொல்லலாம். விளக்குக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்ற டீச்சர் சொல்லுகிற அறிவியலை அவள் ஏன் நம்ப வேண்டும்?

மணி ஓடிக்கொண்டிருந்தது. தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது கதவுக்குப் பக்கத்துக் கணினியில் இருந்த தர்ஷினி எழுந்தாள். வகுப்பில் வாயாடி என்றால் அவள்தான். அந்த வாரம் விளக்குப் பொறுப்பு அவளுடையது.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது."

"என்ன?"

"எனக்கு முந்தாநேத்தே வந்துடுச்சி."

ஓர் ஆண் தேர்வாளர் நிற்கிற இடத்தில் பதினேழு வயதுப் பெண் சொல்லுகிறாள். தேர்வாளர் சட்டென்று மதிப்பெண் தாளை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

"லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சி. மாத்திக்க ஆள் கெடைக்கல. நேத்து விளக்கு ஏத்துனதும் நான்தான், இன்னிக்கு ஏத்துனதும் நான்தான்" என்றாள். பிறகு என்னை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். "ஏய் யோகு, நேத்து இருபது பேரு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஒரு மெஷின்கூட மக்கர் பண்ணல. கெடறதா இருந்தா நேத்தே கெட்டிருக்கணும்டி. நீ என்னா பெருசா புதுசா கெடுத்துடப் போறே? வந்து உக்காரு."

பின்வரிசையில் இன்னொரு பெண் கையை மட்டும் பாதி தூக்கிக் காட்டிவிட்டு இறக்கிக்கொண்டாள்.

யோகேஸ்வரி அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு ஓடிக்கொண்டிருக்கிற ஒன்பது திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுத்தவள் நிரலில் பிழை தேடும்போது அவள் பார்க்கிற அதே பார்வை. பிழை எதுவும் அவளுக்குத் தட்டுப்படவில்லை என்று நினைக்கிறேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

தாளைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். முதல் தடவை ஓட்டியபோது பிழை என்று வந்தது. அவள் கலங்கவில்லை. எந்த வரி என்று படித்தாள், விட்டுப்போன ஒரு புள்ளியை வைத்தாள், மறுபடி ஓட்டினாள். விடை வந்தது. தேர்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கரண்ட் போகவில்லை. போயிருந்தால்? அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியர்க்கும். நம் ஊரில் கரண்ட் போகாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அன்றைக்கு எங்களுக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

யோகேஸ்வரி இப்போது கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறாள். தர்ஷினிக்குக் கணினி அலுத்துவிட்டது, இயற்பியல் எடுத்துக்கொண்டாள். அங்கேயும் வாய் குறையவில்லை என்று கேள்வி. படம் இப்போது பிரார்த்தனை மேடையில் இருக்கிறது. கும்பிடுகிறவர்கள் அங்கே கும்பிடுகிறார்கள். சாமியை வெளியே தள்ளு என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் இன்றைக்கும் எனக்கு என்னவோ போல இருக்கும். நான் சொல்லுவது வேறு. ஒரு பெண் உங்கள் ஆய்வகத்துக்கு வராவிட்டால் அவளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்லாவிட்டால் அவள் அம்மாவிடம் கேளுங்கள். பதில் உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம், கோபப்படாதீர்கள். ஆண் ஆசிரியர்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு பெண் ஆசிரியையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

இத்தோடு முடித்துக்கொண்டால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் யோகேஸ்வரி ஒருத்திதானா என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்த வாரமே பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பெயர் இருந்தது. மாதம் தவறாமல் ஆய்வகத்தில் மட்டும் மூன்று நாள் விடுபட்ட பெயர்கள். அதில் ஒரு பெயர் ஹேமா. பதினேழு பதினெட்டு வருடத்துக்கு முந்தைய பிள்ளை. நன்றாக வரக்கூடியவள். முகம்கூட எனக்கு நினைவிருந்தது.

போன மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன கடையில் அவளைப் பார்த்தேன். விற்பனைப் பிரிவில் வேலை. என்னைக் கண்டதும் "வாங்க மிஸ்" என்று முகம் மலர்ந்து, புடவைகளை எடுத்து விரித்துப் போட்டாள். நான் புடவையைப் பார்க்கவில்லை.

"ஹேமா, பிளஸ் டூவுல நீ சில நாள் லேபுக்கு வராம நின்னுடுவியே. ஏம்மா?"

அக்கம்பக்கம் பார்த்தாள். "அது எதுக்கு மிஸ் இப்ப?"

"சொல்லும்மா."

"சாமி படம் இருந்துச்சி இல்ல மிஸ்" என்றாள், புடவையை மடித்துக்கொண்டே. அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியே மிஸ். உனக்கு கம்ப்யூட்டர் வராதும்மா, காலேஜ்ல வேற ஏதாவது படின்னு சொன்னீங்க. மிஸ்ஸே சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். என் குரலிலேயே அது எனக்குக் கேட்டது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

"என்ன மிஸ் நீங்க, இதுக்குப் போயி" என்று பதறிப்போனாள். புடவையைப் பையில் போட்டுக் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "என் பொண்ணு இப்ப பத்தாவது மிஸ். கம்ப்யூட்டர் குரூப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நம்ம ஸ்கூல்லதான் சேக்கணும். அந்த ரூமுல இப்ப படம் கெடையாதுல்ல?"

"கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. நான் ஓய்வு பெற்று வந்தாயிற்று. அறை இப்போது வேறொருவர் பொறுப்பில். எதை நம்பி அவளிடம் கிடையாது என்று சொன்னேன்?

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போனேன். புதிதாக வந்திருந்த கணினி ஆசிரியை, "என்ன மேடம் இவ்வளவு தூரம், உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. அறைக்குள் நுழைந்து நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருந்தது. அங்கிருந்து நேராகக் கடைக்கு நடந்தேன். ஹேமா யாருக்கோ புடவை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரும் வரைக்கும் காத்திருந்து, "போய்ப் பாத்துட்டு வந்துட்டேம்மா. பொண்ண அனுப்பு" என்று சொன்னேன்.